கஞ்சி போட்ட கைக்குட்டை

புகையிலைக் குடோனில் வேலை செய்கிறவனுக்கு மூக்கு ஒழுகுகிறது என்றால் திண்டுக்கல்லில் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? மீன்கடைக்காரன் மேல் கவிச்சி அடிக்கிறது என்று சொல்கிற மாதிரிதான் அது. குடோனுக்குள் செத்த நேரம் நின்றால் உங்களுக்கும் ஒழுகும், எனக்கும் ஒழுகும். அதனால்தான் பொம்மையனின் மூக்கை மூணு மாசமாக ஒருத்தரும் கண்டுகொள்ளவில்லை. அவன் பெண்டாட்டி வீரலட்சுமியும்தான். அடுத்தவள் சேலையில் ஒரு இழை பிசகியிருந்தால் தெருமுனையிலிருந்தே சொல்லிவிடுகிற மகராசி, பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்கிறவன் மூக்கிலிருந்து என்ன விழுகிறது என்று பார்க்கவில்லை. இதை நான் குத்தமாகச் சொல்லவில்லை. அவள் தன்னைத்தானே திட்டிக்கொண்ட திட்டில் கால்வாசிகூட இது இல்லை.

நடந்தது எண்பத்தாறாம் வருசம், தை மாசம். குடோனில் புகையிலைச் சிப்பங்களை இரண்டு ஆள் உசரத்துக்கு அடுக்கிக்கொண்டிருந்தான் பொம்மையன். மேல் சிப்பம் நழுவியது. சிப்பத்தோடு அவனும் வந்தான். கீழே இருந்த எடை மிஷினின் இரும்புப் பலகையில் நெற்றி மோதியது. மூக்கில் ரத்தம் கொட்டியது. காப்பித்தூளை அப்பி, துண்டை நனைத்துப் போட்டு, ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்கள். மறுநாள் காலை அவன் வேலைக்குப் போய்விட்டான். ரத்தம் நின்று இரண்டு நாளில் தண்ணீர் ஆரம்பித்தது. வலது மூக்கில் மட்டும். குனிந்தால் சொட்டும், நிமிர்ந்தால் நிற்கும்.

மேஸ்திரி சோலைமுத்துவிடம் சொன்னதற்கு அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஏலே, இங்க மூக்கு ஒழுகாதவன் வேலையே செய்யலேன்னு அர்த்தம். முதலாளி பாத்தா ஒனக்குக் கூலி கூட்டிக் குடுப்பாரு, போ."

பங்குனியில் வந்தது காய்ச்சல். சாதாரணக் காய்ச்சலா அது! தலை வெடிக்கிற வலி, கழுத்து பலகையாகி மடங்கவே இல்லை, பெண்டாட்டியைப் பார்த்து "நீ யாரு?" என்று கேட்டான். பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்தான். அனுப்பும்போது அங்கிருந்த டாக்டர் வீரலட்சுமியைத் தனியாகக் கூப்பிட்டார். "மூளைச் சவ்வுல வந்த காய்ச்சல்மா. பொழச்சதே பெருசு. இன்னொரு தடவை வந்தா தாங்க மாட்டாரு." அது எப்படி வந்தது, எந்த வழியாக உள்ளே போனது என்று அவரும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. அந்த ஒரு வார்த்தை மட்டும் அவள் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டு நின்றது. இன்னொரு தடவை வந்தால் தாங்க மாட்டார்.

வீரலட்சுமியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சின்னாளபட்டிக்காரி, வயது முப்பத்திநாலு. வீட்டிலேயே சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுவாள், சாயம் முக்குவாள், கஞ்சி போட்டுக் காயவைத்து மடித்து, திண்டுக்கல்லில் தெரிந்த வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பாள். வாய் அப்படி ஒரு வாய். கை அதைவிட வேகம். அவள் வீட்டில் அழுக்குத் துணி என்று ஒன்று அரை நாள் தங்கியதில்லை. கண்ணில் பட்டால் போதும், அலசி, கஞ்சியில் முக்கி, கொடியில் போட்டுவிட்டுத்தான் மூச்சு விடுவாள். தலையணை உறைக்குக் கஞ்சி, பால் வடிகட்டுகிற துணிக்குக் கஞ்சி, அடுப்படிக் கரித்துணிக்குக்கூடக் கஞ்சி! கூடவே இருக்கிற நாத்தனார் கனகா கேலி பண்ணுவாள். "அண்ணியை விட்டா எங்க அண்ணனையே கஞ்சியில முக்கிக் கொடியில போட்டுருவாக."

சித்திரையில் ஒரு நாள் காலை, டாக்டர் ஆனந்திக்குச் சேலை கொண்டுபோனாள். காது மூக்கு தொண்டை டாக்டர். படிப்பை முடித்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சின்னதாக ஒரு ஆஸ்பத்திரி திறந்து ஒரு வருசம்தான் ஆகியிருந்தது. கூட்டம் இல்லாத நேரத்தில் சேலை பார்க்கப் பிரியம். காய்ச்சலுக்குப் பிறகு வீட்டில் சும்மா இருந்த பொம்மையன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்திருந்தான்.

மூட்டையைத் தரையில் வைக்கக் குனிந்தான். சிவப்புச் சிமெண்டுத் தரையில் சொட், சொட், சொட் என்று மூன்று துளி விழுந்தது.

சேலை முந்தானையைப் பிரித்துக்கொண்டிருந்த டாக்டரின் கை அப்படியே நின்றது. தரையைப் பார்த்தார். அவனைப் பார்த்தார்.

"இன்னொரு தடவை குனிங்க."

குனிந்தான். மறுபடி இரண்டு துளி. கிணற்றுத் தண்ணீர் மாதிரித் தெளிவு.

"எத்தனை நாளா இப்படி?"

"தையிலேர்ந்துங்க டாக்டரம்மா. புகையிலை நெடிதான்."

"ரெண்டு பக்கமும் வருதா?"

"இல்லீங்க. வலது பக்கம் மட்டுந்தான்."

"அதென்னங்க நெடி, ஒரு மூக்கை மட்டும் தேடிப் போகுது?"

வீரலட்சுமிக்குச் சுருக்கென்றது. மூணு மாசமாக இந்தக் கேள்வி தன் வாயில் வரவில்லையே!

"படுக்கும்போது தொண்டையில எறங்குதா? எறங்குனா உப்புக் கரிக்குதா?"

"ஆமாங்க! ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

டாக்டர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். விழுந்தது, ரத்தம், காய்ச்சல், மடங்காத கழுத்து, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் மாறிக்கொண்டே போனது. ஆனால் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. நிச்சயமாகத் தெரியாமல் எதற்குப் பயமுறுத்துவது என்று நினைத்திருப்பார், பாவம்.

"வீரலட்சுமி, நாளைக்கு ரெண்டு பேரும் வாங்க. வரும்போது இவர் மூக்கைத் தொடைச்ச கர்ச்சீப் நாலு வேணும். நல்லாக் காய வச்சு எடுத்துட்டு வாங்க."

"அம்புட்டுத்தானா? கொண்டாந்துர்றேன் டாக்டரம்மா."

வீட்டுக்குப் போனதும் புது வெள்ளைத் துணியைக் கிழித்து நாலு கைக்குட்டை ஓரம் அடித்தாள். பொம்மையன் அன்று பொழுதுக்கும் குனிந்து குனிந்து துடைத்தான். மறுநாள் விடிந்ததும் வீரலட்சுமி நாலையும் எடுத்தாள். டாக்டரம்மா கேட்டிருக்கிறார், மூக்குத் துடைத்த துணியை அப்படியே கொண்டுபோய் நீட்டுவாளா சின்னாளபட்டி வீரலட்சுமி? சவுக்காரம் போட்டாள். அலசினாள். கொதிக்கிற வடிகஞ்சியில் முக்கிப் பிழிந்தாள். வெயிலில் காயவைத்து, தேய்ப்புப் பெட்டியில் கரி அள்ளிப் போட்டு மடிப்புக் கலையாமல் தேய்த்தாள். நாலும் நாலு அட்டை மாதிரி நின்றன. அவளுக்கே பெருமையாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் அன்று கூட்டம். கைக்குட்டைகளைப் புருசன் கையில் கொடுத்து உள்ளே அனுப்பிவிட்டு, வராந்தாவில் உட்கார்ந்திருந்த இரண்டு அம்மாமார்களுக்குச் சேலையைப் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் பொம்மையன் சிரித்த முகமாக வெளியே வந்தான். கையில் மாத்திரைச் சீட்டு.

"ஒண்ணுமில்லையாம், வா போவோம். திங்கக்கிழமை வேலைக்குப் போகலாமாம். மூஞ்சியில துணியைக் கட்டிக்கிட்டுப் போகச் சொன்னாக."

வீரலட்சுமி இருந்த இடத்திலிருந்தே தாடிக்கொம்புப் பெருமாளைக் கும்பிட்டாள். சின்னாளபட்டிக்குப் பஸ் ஏறினார்கள். சன்னலோரம் இடமும் கிடைத்தது. பேகம்பூர் தாண்டி, பஸ் வேகம் எடுத்த பிறகுதான் அவளுக்குக் கேட்கத் தோன்றியது.

"ஏங்க, கர்ச்சீப்பை வச்சு என்னத்தங்க பாத்தாக?"

"அதுவா? தொட்டுப் பாத்தாக. கசக்கிப் பாத்தாக. சளி காஞ்சா துணி வெறைப்பா நிக்குமாம். மூளையைச் சுத்தி இருக்கிற தண்ணியா இருந்தா, காஞ்சாலும் துணி மெத்துன்னே இருக்குமாம். அப்படி இருந்தாத்தான் ஆபத்தாம், மறுபடி அந்தக் காய்ச்சல் வருமாம். நம்மளது அட்டை மாதிரி நிக்கிது, சளிதான், கவலையை விடுங்கன்னுட்டாக."

வீரலட்சுமிக்கு முதலில் ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் எல்லாம் சேர்ந்து கேட்டது.

"அய்யய்யோ! பாவி நான்! நிறுத்துங்க! பஸ்ஸை நிறுத்துங்கய்யா!"

கண்டக்டர் திடுக்கிட்டுத் திரும்பினான். "என்னம்மா? இங்க ஸ்டாப்பிங் இல்ல."

"ஸ்டாப்பிங்காவது கீப்பிங்காவது! எம் புருசன் மண்டையில ஓட்டை இருக்கா இல்லையான்னு பாக்கணும், நிறுத்துய்யா!"

பஸ் மொத்தமும் பொம்மையன் மண்டையைத் திரும்பிப் பார்த்தது. விசில் ஊதாமலேயே டிரைவர் நிறுத்திவிட்டார். சேலை மூட்டை ஒரு பக்கம், புருசன் ஒரு பக்கம் என்று இழுத்துக்கொண்டு இறங்கி, எதிரே வந்த பஸ்ஸை மறித்து ஏறினாள். "என்னடி ஆச்சு? சொல்லித் தொலையேன்" என்று பொம்மையன் கேட்டுக்கொண்டே வந்தான். அவள் வாய் திறக்கவில்லை. அவள் வாய் திறக்காமல் ஒரு பஸ்ஸில் வந்தது அந்த ஒரு தடவைதான்.

ஆஸ்பத்திரிக்குள் ஓடி, சீட்டு எடுத்துக் காத்திருந்தவர்களையெல்லாம் தாண்டி, டாக்டர் மேசைக்கு முன்னால் போய் நின்றாள்.

"டாக்டரம்மா, அந்த வெறைப்பு அவரு சளி இல்லீங்க. என் கஞ்சிங்க!"

"என்னது?"

"அழுக்குத் துணியைக் கொண்டாரக் கூடாதேன்னு தொவைச்சு, கஞ்சி போட்டு, தேச்சுக் கொண்டாந்தேங்க. நாந்தாங்க கெடுத்தேன்!"

டாக்டர் ஒரு கணம் அவளையே பார்த்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சட்டென்று சிரிப்பு நின்று நெற்றியில் அடித்துக்கொண்டார். "தப்பு என்னுதுதான். மூக்குத் தொடைச்ச துணி இப்படி மடிப்போட, வெள்ளை வெளேர்னு இருக்கேன்னு எனக்கே தோணியிருக்கணும். தொவைக்காமக் கொண்டாங்கன்னு நான்ல சொல்லியிருக்கணும்? திங்கக்கிழமை அவரை மூட்டை தூக்க அனுப்பியிருப்பேனே!"

இனி ஒரு நிமிசமும் தாமதிக்கக் கூடாது என்று இரண்டு பேருக்குமே ஆகிவிட்டது. மூட்டையிலிருந்து கஞ்சி படாத வெள்ளைத் துணி ஒன்றை வீரலட்சுமி கிழித்தாள். பின்பக்க முற்றத்தில் பொம்மையனைக் குத்தவைத்துக் குனியச் சொன்னார்கள். சொட்டுச் சொட்டாக விழுந்தது. இன்னொரு துண்டில் தன் மூக்கை உறிஞ்சிச் சிந்திக் கொடுத்தாள் வீரலட்சுமி. அவளுக்கு அப்போது அழுத மூக்கு, சளிக்குப் பஞ்சமில்லை. இரண்டையும் கொடியில் பக்கத்தில் பக்கத்தில் போட்டார்கள். திண்டுக்கல் சித்திரை வெயிலுக்குத் துணி காயக் கால் மணி நேரம் அதிகம். சீட்டு எடுத்துக் காத்திருந்தவர்களும் ஒவ்வொருத்தராக எழுந்து வந்து கொடியைச் சுற்றி நின்றுகொண்டார்கள். காது வலிக்கு வந்த பெரியவர் ஒருத்தர், "காஞ்சிருச்சா? காஞ்சிருச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

டாக்டர் தொடுவதற்கு முன்னால் வீரலட்சுமி தொட்டாள். துணியைத் தொட்டுத் தொட்டே பிழைக்கிற விரல் அது, யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவள் மூக்குச் சிந்திய துணி அப்பளம் மாதிரி மொடமொடவென்று நின்றது. அவன் துணி மெத்தென்று கிடந்தது. தண்ணீரில் நனைத்துக் காயவைத்த துணிக்கும் அதற்கும் துளி வித்தியாசம் இல்லை.

"டாக்டரம்மா..." என்றாள். அவன் துணியை எடுத்து டாக்டர் கையில் வைத்தாள்.

அதோடு டாக்டர் விட்டுவிடவில்லை. ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் நாலு சொட்டுப் பிடித்து, சர்க்கரை வியாதிக்காரர்களுக்குப் பார்க்கிற பட்டைத் தாளை முக்கினார். தாள் நிறம் மாறியது. "சளியில சர்க்கரை இருக்காது, மூளைத் தண்ணியில இருக்கும். ஆனா இதை மட்டும் வச்சு முடிவு பண்ண முடியாது. கண்ணீர் கலந்திருந்தாலும் இப்படிக் காட்டும். ஆனா அடி, ஒரு பக்க ஒழுகல், காய்ச்சல், இந்தத் துணி, எல்லாத்தையும் சேத்துப் பாத்தா எனக்குச் சந்தேகமே இல்ல" என்றார். பிறகு இருவரையும் உட்காரவைத்து விளக்கினார். மூளையைச் சுற்றிலும் ஒரு தண்ணீர் இருக்கிறது. மூளைக்கும் மூக்குக்கும் நடுவில் இருக்கிற எலும்பு காகிதம் மாதிரி மெல்லிசு. விழுந்த அன்று அது கீறிவிட்டது. தண்ணீர் வெளியே வருகிற அந்த வழியாகவே கிருமி உள்ளே போகும். பங்குனிக் காய்ச்சல் அந்த வழியாகத்தான் போயிருக்கிறது. அடைக்காவிட்டால் மறுபடியும் போகும்.

"இன்னொரு தடவை வந்தா தாங்க மாட்டாருன்னு சொன்னாங்களே டாக்டரம்மா" என்றாள் வீரலட்சுமி.

"அதனாலதான் வர்றதுக்குள்ள அடைக்கப் போறோம். இன்னிக்கே கெளம்புங்க."

மதுரையில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கடுதாசி கொடுத்தார். மூளை ஆபரேஷன் செய்கிற டாக்டர் பவுல்ராஜ் அங்கே இருந்தார். அதிகம் பேசாத மனிதர். பொம்மையனைத் தலையை உயர்த்திப் படுக்கவைத்தார்கள். மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் அடக்காமல் வாயைத் திறந்து தும்ம வேண்டும், முக்கக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது. பத்து நாள் இப்படிக் கிடந்தால் சில பேருக்குத் தானாகவே அடைத்துக்கொள்ளும் என்றார் பவுல்ராஜ். ஒவ்வொரு நாளும் ஒரு சொட்டாவது வந்தது. பதினோராம் நாளும் பன்னிரண்டாம் நாளும் வரவில்லை. பொம்மையன் துள்ளிக் குதிக்காத குறை. ஆனால் உண்மையிலேயே அடைத்ததா, இல்லை சும்மா ஓய்ந்திருக்கிறதா? அடைக்காவிட்டால் ஓட்டை எந்த இடத்தில்? அதைத் தெரிந்துகொள்ள ஒரு சோதனை வைத்தார்கள்.

அந்தச் சோதனையைக் கேட்டதும் வீரலட்சுமி நிமிர்ந்து உட்கார்ந்தாள். சாயம்! முதுகுத்தண்டில் ஊசி போட்டு, அந்தத் தண்ணீரோடு கலந்து மெதுவாகத் துளியளவு சாய மருந்து ஏற்றுவார்கள். மூக்குக்குள் மேலே நாலு இடத்தில் நாலு பஞ்சுத் திரி வைப்பார்கள். எந்தத் திரியில் சாயம் ஏறுகிறதோ அங்கேதான் ஓட்டை. திரிகளை அடையாளம் தெரிய நூலில் ஒரு முடிச்சு, இரண்டு முடிச்சு, மூன்று, நாலு என்று போட்டிருந்தார் டாக்டர். முடிச்சைப் பார்த்ததும் அவளுக்கு அந்த மனிதர்மேல் மரியாதை வந்துவிட்டது.

ஊசி போடக் கூட நின்ற நர்ஸ் அன்னாள், மிச்ச மருந்தை வராந்தா சன்னலடியில் ஒரு கிண்ணத் தண்ணீரில் கழுவினாள். பாட்டிலில் செங்கல் சிவப்பாக இருந்த மருந்து தண்ணீரில் பட்டு, வெயிலில் பளீரென்று கிளிப்பச்சையாக மினுங்கியது. வீரலட்சுமி ஆவென்று பார்த்தாள். இத்தனை வருசத்தில் இப்படி ஒரு சாயத்தை அவள் கண்டதில்லை. அன்னாள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பல்பு எரிகிற உள்ளறைக்குள் போனாள். அங்கே அதே தண்ணீர் வெறும் வெளிறின மஞ்சளாக இருந்தது. வீரலட்சுமி அதையும் பார்த்தாள்.

சாயங்காலம் நாலு மணிக்குத் திரிகளை எடுத்தார்கள். சன்னல் இல்லாத பரிசோதனை அறை. நீல வெளிச்சத்தில் பார்ப்பதற்கென்று ஒரு விளக்கு இருந்தது, அதன் பல்பு போய் மூணு நாளாகிறது, புதுசு வர ஒரு வாரம் ஆகுமாம். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் பவுல்ராஜ் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். வெளியே வந்தார்.

"சாயம் எதுலயும் தெரியலம்மா. எல்லாம் சளி நிறம்தான். ரெண்டு நாளா ஒழுகவும் இல்ல. தானா அடைச்சிருக்கும் போல. நாளைக்கு வீட்டுக்குப் போகலாம்."

பொம்மையன் உள்ளேயிருந்து "அப்பாடா!" என்றது கேட்டது. இரண்டு வாரத்துக்கு முன்னால், பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்து, இதே மாதிரி ஒரு 'ஒண்ணுமில்லை'யை நம்பி வந்தது வீரலட்சுமிக்கு நினைவு வந்தது. டாக்டரை எதிர்த்துப் பேசலாமா? பேசாமல் வீட்டுக்குப் போய் இன்னொரு காய்ச்சலைப் பார்க்கலாமா?

"ஐயா, தப்பா நெனைக்காதீங்க. நாங்க சாயம் முக்குறவங்க. பல்பு வெளிச்சத்துல பாத்து ஒரு சேலையையும் சாயம் ஏறிருச்சுன்னோ ஏறலைன்னோ சொல்ல மாட்டோம். பல்பு பொய் சொல்லும்ங்க. காலையில அந்தக் கிண்ணம் வெயில்ல பச்சையா இருந்துச்சு, உள்ள வந்ததும் மஞ்சளாப் போயிருச்சு. நான் கண்ணால பாத்தேன். அந்தத் திரியை ஒரு தடவை வெயில்ல காட்டுங்கய்யா. ஒங்க காலைப் புடிச்சுக் கேக்கறேன்."

பவுல்ராஜ் கோபப்படப் போகிறார் என்றுதான் அன்னாளும் நினைத்தாள். அவர் உள்ளே திரும்பிப் போய்த் தட்டைத் தானே எடுத்துக்கொண்டு வந்தார்.

"வாங்கம்மா."

வராந்தாவின் மேற்குக் கோடியில் சாய்ந்த வெயில் விழுந்துகொண்டிருந்தது. வெள்ளைத் துணியில் நாலு திரியையும் வரிசையாக வைத்தார்கள். மூன்று பேரும் தலையோடு தலை முட்டக் குனிந்தார்கள். ஒரு முடிச்சு, வெறும் பஞ்சு. இரண்டு முடிச்சு, வெறும் பஞ்சு. மூன்றாம் முடிச்சுத் திரியின் நுனியில், ஒரு துவரம்பருப்பு அளவுக்கு...

"பச்சை!" என்று கத்தினாள் வீரலட்சுமி. "ஐயா, பச்சை! கிளிப்பச்சை!"

வார்டில் படுத்திருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். அன்னாள் கைகொட்டிச் சிரித்தாள். அதிகம் பேசாத பவுல்ராஜ்கூட அன்றைக்குக் குரலை உயர்த்திப் பேசினார். "வலது பக்கம், மேல, நடுவுல. இதைத்தாம்மா நான் தேடிக்கிட்டிருந்தேன்."

அடுத்த வாரம் ஆபரேஷன். நெற்றிக்கு மேலே திறந்து, மூளையை மெல்ல ஒதுக்கி, மூன்றாம் முடிச்சு இருந்த இடத்துக்கு நேராகப் போனார்கள். அரிசி அளவுக்கு ஓட்டை. தொடைத் தசைமேல் இருக்கிற ஜவ்வில் ஒரு துண்டு எடுத்து வைத்து அடைத்துவிட்டார்கள். ஐந்து மணி நேரம் வீரலட்சுமி வராந்தாவில் நின்றுகொண்டே இருந்தாள். உட்கார முடியவில்லை.

"ஒட்டு நிக்குமாய்யா?" என்றுதான் கேட்டாள் டாக்டர் வெளியே வந்ததும்.

"நிக்கும்னு நம்பறேன். நல்லாப் புடிக்க மூணு மாசம் ஆகும். அதுக்கப்புறமும் எப்பவாவது மூக்குல தண்ணி வந்தா, ஒரு நாள்கூடத் தாமதிக்காம ஓடியாங்க."

அந்த மூணு மாசத்தை அவள் எப்படிக் கழித்தாள் என்கிறீர்கள்! தினம் காலையில் வெள்ளைத் துணி விரிப்பாள். பொம்மையன் அதன்மேல் குனிவான். ஒன்று, இரண்டு என்று நூறு வரைக்கும் எண்ணுவாள். "போதும்டி, கழுத்து போகுது" என்று அவன் கத்துவான். "போகட்டும், கழுத்து ஒழுகாது" என்பாள். துணி ஒவ்வொரு நாளும் காய்ந்தே கிடந்தது. குடோனிலும் அவனை மூட்டை தூக்க விடவில்லை. கணக்கெழுதுகிற மேசைக்குப் பக்கத்தில் இலை பிரிக்க உட்காரவைத்தார் சோலைமுத்து. இப்போதெல்லாம் யாராவது மூக்கு ஒழுகுது என்று சொன்னால், "ஒரு பக்கமா ரெண்டு பக்கமா?" என்று முதலில் கேட்கிறவர் அவர்தான்.

மூணு மாசம் முடிந்த பிறகும் அவள் துணி விரிப்பதை விடவில்லை. ஐப்பசி வந்தது. விடாத மழை. ஒரு நாள் காலை, துணி விரித்து நாற்பது எண்ணுவதற்குள் சொட்டென்று விழுந்தது ஒரு துளி.

வீரலட்சுமியின் எண்ணிக்கை நின்றது. இன்னொரு துளி. பொம்மையன் முகம் வெளுத்துப்போனது. "தலை லேசா வலிக்கிதுடி" என்றான் மெதுவாக.

"ரெண்டு பக்கமுமா?"

"அப்படித்தான் தோணுது. தெரியல."

நம்புவாளா அவள்! கைக்குட்டை ஒன்றை எடுத்துத் துடைக்கச் சொன்னாள். காயவைக்க வெயில் எங்கே? வானம் பொத்துக்கொண்டு ஊற்றுகிறது. அடுப்படிக்கு ஓடி, தணல்மேல் இரண்டு கையாலும் கைக்குட்டையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். புகை கண்ணில் ஏறியது. கை சுட்டது. "அண்ணி, கையை எடுங்க, கொப்பளிச்சிரும்" என்று கனகா கெஞ்சினாள். எடுக்கவில்லை. ஈரம் ஆவியாகப் போனது. மதுரைக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு, யாரிடம் வீட்டுச் சாவியைக் கொடுப்பது என்று மனசு ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. துணி காய்ந்தது. தொடப் பயந்துகொண்டு செத்த நேரம் அப்படியே பிடித்திருந்தாள். அப்புறம் தொட்டாள்.

அட்டை! மொடமொட அட்டை!

"ஏ கனகா! ஒங்க அண்ணன் மேல சத்தியமாச் சொல்லு, இந்தக் கர்ச்சீப்புல கஞ்சி போட்டியா?"

"கஞ்சியா? போன வாரம் நீங்க வெறும் தண்ணியில அலசிப் போட்டதுதான் அண்ணி! கர்ச்சீப்புல கஞ்சி பட்டாக் கொன்னுருவேன்னு நீங்கதான சொன்னீங்க!"

அவ்வளவுதான். கொட்டுகிற மழையில் தெருவுக்கு ஓடினாள். "சளி! எங்க வீட்டுக்காரருக்குச் சளி புடிச்சிருக்கு! வெறும் சளி!" தறிச் சத்தம் ஒவ்வொரு வீடாக நின்றது. கதவைத் திறந்து எட்டிப் பார்த்தவர்கள், இவளுக்கு என்னமோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்தார்கள். விசயம் தெரிந்ததும் சிரிப்பும் அழுகையுமாக வந்து கட்டிக்கொண்டார்கள். மூலைக் கடையில் சீரணி வாங்கித் தெரு முழுக்கக் கொடுத்தாள். புருசனுக்குச் சளி பிடித்ததற்கு இனிப்பு கொடுத்த ஒரே பொம்பளை இந்த ஜில்லாவில் அவளாகத்தான் இருப்பாள். பொம்மையன் வாசலில் நின்று தும்மிக்கொண்டே, "மானத்தை வாங்காதடி, உள்ள வா" என்றான். வாயைத் திறந்துதான் தும்மினான்.

அன்றைக்கே அந்தக் கைக்குட்டையை எடுத்துக்கொண்டு திண்டுக்கல் பஸ் ஏறினாள். அழுக்குத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் ஊருக்குள் போனது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. டாக்டர் ஆனந்தியின் மேசைமேல் அதை விரித்து வைத்தாள்.

"தொவைக்கல டாக்டரம்மா. அப்படியே கொண்டாந்திருக்கேன், தொட்டுப் பாருங்க."

டாக்டர் தொட்டார். துணி மொடமொடத்தது.